எங்கள் கம்பெனியின் எதிரி

உலகத்திலேயே மாதச் சம்பளத்துக்கு, சோற்றுப் போசியோடு வேலைக்கு வந்த ஒரே எதிரி எங்கள் கம்பெனியில்தான் இருந்தார்.

துடியலூரில் ராணுவத்துக்காக ஆளில்லா விமானம் செய்கிறோம். எதிரியைத் தேடிக் குறிவைக்கும் ரகம். அடையாளம் காணும் புரோகிராம் என்னுடையது. சோதனைக்கு ஓர் எதிரி வேண்டுமே? ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவரை வைத்தோம். 'எதிரி' என்பதே அவர் பெயராகிவிட்டது. காலையில், "எதிரி வந்துட்டாருங்க" என்று வாட்ச்மேன் எழுந்து கும்பிடுவார்.

அவரைப் பிடிக்கவே முடியவில்லை. தொண்டாமுத்தூர் தென்னந்தோப்புக்குள் நின்றார். விமானம் மட்டையில் மோதி விழுந்தது. அடுத்த முறை சிக்னலைக் கலைக்கும் பெட்டியைத் திருகினார். விமானம் திசை தெரியாமல் கிணற்றில் இறங்கியது. "கெடுத்துப்போட்டனுங்க, மன்னிச்சுக்கோங்க" என்று அவரே கயிறு கட்டி இறங்கி எடுத்துக் கொடுத்தார். இத்தனை மரியாதையான எதிரியை எந்த நாடும் கண்டிருக்காது.

கடைசிச் சோதனை வந்தது. தேறினால் ராணுவ ஆர்டர். தேறியதாக முதலில் அவரும் பிறகு நானும் கையெழுத்திட வேண்டும். அன்று சின்ன வெங்காயம் பறிக்கும் ஆறு பெண்கள் நடுவே, சேலை கட்டி, மேலே சட்டை மாட்டி, மீசையை மறைத்துத் தலைத்துண்டோடு உட்கார்ந்துவிட்டார். விமானம் மூன்று சுற்று சுற்றி, எதிரி எவருமில்லை என்றது.

முதலாளி முறைத்தார். நான் புரோகிராமின் சந்தேகத்தைக் கூட்டினேன். மறுபடி பறந்தது. திரையில் சிவப்புக் கட்டம் விழுந்து எதிரி மாட்டிக்கொண்டார். ஆறு பெண்களும் மாட்டிக்கொண்டார்கள். பிளாஸ்க்கோடு வரப்பில் நின்ற முதலாளியும்தான்.

எதிரி பிடிபட்டாரல்லவா, தேறியதாகவே எழுதலாம் என்றார் முதலாளி. கையெழுத்து இல்லையென்றால் நாளை வர வேண்டாம் என்றும் எதிரியிடம் சொன்னார். எதிரி சேலையை மடித்தபடி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, நெசமாலுமே குண்டு வெச்சிருந்தா, இந்த அம்மணிக ஊட்டுக்குப் போயிருப்பாங்களா?"

கையெழுத்துப் போடாமலே பேனாவை என் கையில் கொடுத்துவிட்டு, போசியோடு சோமனூர் பஸ் ஏறிவிட்டார்.

இப்போது புதிய எதிரி வந்திருக்கிறார். சொன்ன இடத்தில் அசையாமல் நிற்கிறார். விமானம் தினமும் ஜெயிக்கிறது. எனக்குத்தான் பழையவர் இல்லாமல் வேலையே ஓடவில்லை. கையெழுத்திட வேண்டிய அந்தத் தாள் என் மேசையில் வெறுமையாகக் கிடக்கிறது. முதலாளி கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான் சொல்கிறேன்.

"பெரியவர் வந்து மொதல்ல போடட்டுமுங்க."