கார்டில் ஒரு பட்டதாரி

“பி.காம். சார்!”

நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன பிறகுதான் வேதமாணிக்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். தாலுகா ஆபீஸில் ஆர்.ஐ.யின் பேனா பாதிக் கையெழுத்தில் நின்றுவிட்டது.

ரேஷன் கார்டைப் புரட்டிக்கொண்டே, “யாருய்யா இந்த டெரிக்? என்ன படிச்சிருக்கான்?” என்று அவர் சும்மாதான் கேட்டார். மச்சானைப் பற்றி யார் கேட்டாலும் பெருமையடித்தே எட்டு வருஷம் பழகிய வாய், முந்திக்கொண்டது.

“பட்டதாரி இல்லாத குடும்பம்னு சர்ட்டிபிகேட் கேக்கறே. வீட்டுலயே ஒருத்தனை வெச்சிருக்கே?”

“என் சம்சாரத்தோட தம்பி சார். எங்க வூட்ல சாப்புடறான், அவ்ளோதான்.”

“கார்டுல பேர் இருந்தா குடும்பம்தான். பேரை எடுத்துட்டு வா. முப்பதாம் தேதி கடைசி நாள்.”

மகள் செலினுக்குக் கவுன்சிலிங்கில் ஒரு தனியார் கல்லூரியில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருந்தது. அந்தச் சான்றிதழைக் கொடுத்தால் டியூஷன் பீஸை அரசாங்கமே கட்டிவிடும். கொடுக்காவிட்டால், துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேதமாணிக்கம் வீட்டை அடமானம் வைக்க வேண்டும். அதற்கு முதலில் ஒரு வீடு வாங்க வேண்டும்.

ராயபுரத்து வாடகை வீட்டில், இருந்த ஒரே ஃபேனுக்கு நேர்கீழே டெரிக் இங்கிலீஷ் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

“கவர்மெண்ட் எதுக்கு மாமா பீஸ் கட்டணும்? கைக்காசு போட்டுப் படிச்சாத்தான் படிப்போட அருமை தெரியும்.”

“டேய், உன் பீஸை ஓவர்டைம் பாத்து நான் கட்டுனேன். அருமை எனக்கில்ல தெரிஞ்சிருக்கணும்?”

“எம்மாம் ரோடு போடுது, பாலம் கட்டுது கவர்மெண்டு. ஒரு பொண்ணு படிக்கக் கட்டுனா கொறைஞ்சா பூடும்?” என்றாள் மனைவி சிலுவையம்மாள். “நீங்க போயி இவன் பேரை எடுத்துகினு வாங்க.”

ரேஷன் கார்டு ஆபீஸில் இருந்த கிளார்க் கருணாகரன் நிதானமாக வெற்றிலையை மென்றார்.

“பேரை எடுக்கணும்னா ஆள் செத்திருக்கணும். இல்லேன்னா வேற கார்டுல சேரணும். உங்களுக்கு எது வசதி?”

வேதமாணிக்கம் ஒரு கணம் யோசித்துவிட்டு, “வேற கார்டு சார்” என்றார்.

சொந்தக்காரர் வீடுகளில் ஏறி இறங்கினார். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “பேரைச் சேத்தா பின்னாலயே ஆளும் வந்துடுவாரே!”

கடைசியில் சிலுவையம்மாள்தான் வழி சொன்னாள். “வூட்டோட மாப்ளையா அனுப்பிடலாங்க.”

டெரிக் சட்டைப்பையில் இருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டு, “சரிக்கா” என்றான்.

காசிமேட்டில் மீன் ஏலம் விடும் ஆக்னஸுக்கு ஜூடி என்று ஒரு பெண் இருந்தாள். ஜூடிக்கு டெரிக்கைப் பிடித்துப்போயிற்று. ஆக்னஸ் மட்டும், “ரெண்டு நாள் டைம் குடு அண்ணாத்தே” என்றாள். மூன்றாம் நாள் அவளே வந்து, “முடிச்சிக்கலாம். கல்யாணச் சாப்பாடு உன்னுது” என்று ஏலத்தை முடிப்பதுபோல் முடித்தாள். எதற்கு இத்தனை அவசரம் என்று அவள் கேட்கவில்லை. வேதமாணிக்கமும் வாயைத் திறக்கவில்லை.

அவள் கேட்காததை மாதா கோவில் சாமியார் கேட்டார்.

“மூணு ஞாயிறு பூசையில கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கணும். ஒரே ஓலையோட முடிக்கச் சொல்றீங்க. அவசரம் யாருக்கு? பையனுக்கா, பொண்ணுக்கா?”

“தாசில்தாருக்கு, ஃபாதர்.”

சாமியார் டெரிக்கை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஜூடியைத் தனியாகக் கூப்பிட்டுக் கால்மணி நேரம் விசாரித்தார். திருப்தி வராமலே சம்மதித்தார்.

இருநூறு பேர் வருவார்கள் என்று பிரியாணி சொன்னார் வேதமாணிக்கம். ஏலக்கூடமே திரண்டு நானூறு பேர் வந்தார்கள். பி.எஃப். லோன் போட்டார். அது போதாமல் சிலுவையம்மாளின் வளையலும் அடகுக்கடைக்குப் போயிற்று. பீஸைப்போல இரண்டு மடங்கு செலவாகியிருந்தது. மாப்பிள்ளை சீராக அந்த ஒரே ஃபேனும் காசிமேட்டுக்குப் போனது.

“இதுக்கு பீஸையே கட்டியிருக்கலாமேப்பா” என்றாள் செலின்.

“அது ஒரு வருஷத்து பீஸு. கவர்மெண்டு நாலு வருஷம் கட்டும்ல?” என்றார், நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

முப்பதாம் தேதி காலை. டெரிக் பேரை ஆக்னஸ் கார்டுக்கு மாற்றி, அடித்து நீக்கிய கார்டை ஆர்.ஐ. மூன்று முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்த வேதமாணிக்கம், வரிசையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

வரிசையில் ஆக்னஸ். பக்கத்தில் பதினேழு வயது மகன். கையில் ரேஷன் கார்டு.

“இன்னா சம்மந்தி, இங்க?”

“சின்னவனுக்கும் காலேஜுல சீட்டு கெடைச்சிருக்கு. வூட்ல பட்டதாரி இல்லன்னு எய்தி வாங்கினு போனா பீஸு இல்லியாமே.”

வேதமாணிக்கம் சான்றிதழை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். தன் பெண்ணுக்காக ஒரு பையனின் படிப்பில் மண்ணைப் போட்டாயிற்றே! ஆர்.ஐ. கார்டைப் புரட்டப்போகிறார். டெரிக் யார் என்று கேட்கப்போகிறார். அதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிடுவதுதான் நியாயம் என்று அவருக்குப் பட்டது.

“சம்மந்தி, என்னை மன்னிச்சிரு. உனக்கு சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாங்க. உன் கார்டுல இப்ப ஒரு பட்டதாரி கீறான்ல?”

ஆக்னஸ் அவரை விநோதமாகப் பார்த்தாள்.

“யாரு, மாப்ளையா? ரெண்டு நாள் டைம் வாங்கி காலேஜு வரைக்கும் போயி விசாரிச்சி, ஏழு பேப்பர் அரியர் கீது, டிகிரி வாங்கலன்னு தெரிஞ்சிகினுதானே அண்ணாத்தே பொண்ணையே குடுத்தேன்!”