மேஸ்திரி விட்ட ஒரு விரல்

ஜன்னல் சாத்தியிருந்தது. கொக்கியும் போட்டிருந்தது. இருந்தும் குத்துவிளக்கு மறுபடி அணைந்தது.

"ஏங்க, இங்கன வாங்க. விளக்கு நிக்க மாட்டேங்கு."

"ஃபேனை அமத்துளா."

"ஃபேன் இன்னும் மாட்டவே இல்லியே!" என்றாள் ஆவுடைத்தாய்.

பிச்சைக்கனி மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். மறுநாள் காலை புது வீட்டுப் பால்காய்ச்சு. அதற்காகத்தான் அவர் மனைவி புது விளக்கை ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி ஜன்னலோரம் கன்னத்தை வைத்தார். ஜிலுஜிலுவென்று காற்று. ஜன்னல் சட்டத்துக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். போயிற்று. ஆள்காட்டி விரலை விட்டார். அதுவும் தாராளமாகப் போய், வெளியே வெயிலில் சுட்டது.

மேஸ்திரி விரலை வெடுக்கென்று உருவிக்கொண்டார்.

தென்காசிப் பக்கத்திலிருந்து சித்தாளாக வந்து, ஆரியசாலைச் சந்துக்குள் ஒற்றை அறை வாடகையில் குடியிருந்துகொண்டு, முப்பது வருஷமாகத் திருவனந்தபுரத்துக்காரர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்தவர் அவர். இப்போது பாப்பனங்கோட்டில் தனக்கென்று ஒரு வீடு. சொந்த வீடு! கட்டியவரும் அவரே, குடியேறப் போகிறவரும் அவரே. பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டுக்காரர் கேட்காமலேயே, "அந்தா தெரியுதுல்லா மஞ்சக் கலரு, அது நான் கட்டுனது," என்று காட்டுவார். கட்டியதைத்தானே காட்டுகிறார், அதில் என்ன தப்பு?

அவருக்கென்று ஒரு தொழில் முறை உண்டு. ஜன்னல் வைக்கும்போது சட்டத்தைச் சுற்றி ஒரு விரல் இடம் விடுவார். கலவை வைத்து அடைக்க மாட்டார். மேலே மெல்லிசாக ஒரு பூச்சு மட்டும் பூசி, பெயிண்ட் அடித்து, சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

"மழையில மரம் ஊதும். ஊதுறதுக்கு இடம் விடணும். பூச்சு உதிர்றதுக்குள்ள மரம் தானா வந்து இடுக்கை அடைச்சுரும். இது இஞ்சினியர்மாருக்குத் தெரியாது," என்பார். இத்தனை வருஷத்தில் ஒரு வீட்டுக்காரர்கூட வந்து குறை சொன்னதில்லை. அதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

இந்த வீடு வைகாசியிலேயே முடிந்துவிட்டது. நல்ல நாள் பார்க்கப் பார்க்கத் தள்ளிப்போய், கர்க்கடகம், அதாவது மலையாளத்து ஆடி, வந்துவிட்டது. கர்க்கடகத்தில் யாராவது பால் காய்ச்சுவார்களா? ஆவணி பிறக்கட்டும் என்று மழைக்காலம் முழுக்கப் பூட்டிப் போட்டிருந்தார்கள். பூச்சு உதிர்ந்துவிட்டது. மரம் மட்டும் ஊதவில்லை.

"நாளைக்கு ஸ்ரீவராகம் சார் வாராவளே!" என்றாள் ஆவுடைத்தாய்.

"எனக்குத் தெரியாதாக்கும்? சும்மா இரிளா."

ஸ்ரீவராகம் சார் என்பவர் ஸ்ரீவராகத்தில் குடியிருக்கும் பஞ்சாபகேசன். கவர்மெண்டு உத்தியோகத்தில் இருந்து ரிட்டயர் ஆனவர். மேஸ்திரி தனியாகக் காண்டிராக்ட் எடுத்துக் கட்டிய முதல் வீடு அவருடையதுதான். அவர் மகன் நவநீத்துக்காக இப்போது மாடி எடுக்கப் போகிறார். பால்காய்ச்சுக்கு அழைக்கப் போனபோது மேஸ்திரி அந்தப் பேச்சை எடுத்தார். பஞ்சாபகேசன் ஜன்னல் திரையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முதல்ல உங்க வீட்டை வந்து பார்க்கறோம் மேஸ்திரி. பார்த்துட்டு முடிவு சொல்றேன்," என்றார்.

அந்த வீட்டு மூலையில் பழைய பேப்பர் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தது. படித்த மனுஷன், ஒரு பேப்பரைக்கூடத் தூக்கிப் போடமாட்டார் போலிருக்கிறது என்று மேஸ்திரி மெச்சிக்கொண்டே வந்தார்.

அப்படிப்பட்டவர் வந்து இந்த இடுக்கைப் பார்த்தால்? மாடி போகட்டும். முப்பது வருஷப் பெயர் என்ன ஆவது?

மேஸ்திரி உடனே சத்தியதாஸுக்குப் போன் போட்டார். ஜன்னல் செய்த தச்சர், பாறசாலைக்காரர்.

"ஏன்டே, உன் மரம் ஊதலியே!"

வந்து நின்ற சத்தியதாஸ் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி, இது நல்ல முத்துன ஆஞ்சிலி கேட்டா. வெள்ளத்துல முக்கிப் போட்டாலும் ஊதாது."

"அதான்டே தப்பு! மரம்னா ஊதணும்."

"நல்ல மரம் தந்தது தப்பா அண்ணாச்சி? இது எந்து நியாயம்?"

நியாயம் பேச நேரமில்லை. மேஸ்திரி சிமெண்டைக் குழைத்து, சந்துக்குள் தம் கையாலேயே திணித்தார். வழித்தார், தடவினார், தூர நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். கோடு போட்டதுபோல இருந்தது.

"இப்பச் சாத்திப் பாரு."

சத்தியதாஸ் ஜன்னலைச் சாத்தினார். தச்சர் கை அல்லவா, கொஞ்சம் அழுத்தமாகவே சாத்தினார். 'டப்' என்று ஒரு சத்தம். ஈரக் கலவை மொத்தமாகக் கழன்று ஆவுடைத்தாய் போட்டு வைத்திருந்த கோலத்தின் மேல் விழுந்தது. போகிற போக்கில் சுவர்ப் பூச்சில் ஒரு பாளத்தையும் கூட்டிக்கொண்டு போயிற்று. சந்து இரண்டு விரலாகிவிட்டது.

"ஐயோ, எங் கோலம்!" என்றாள் ஆவுடைத்தாய்.

"ஒரு வழி உண்டு," என்றார் சத்தியதாஸ். "செவருல பிடிச்சிருக்க கிளாம்பை அறுத்துட்டு, சட்டத்தை அந்தால இடப்பக்கம் நீக்கி வெப்போம்."

அறுத்தார்கள். இருவரும் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள்.

"பாத்தியளா அண்ணாச்சி, இந்தப் பக்கம் ஒரு நூல் போகாது!"

"அந்தப் பக்கம்?"

சத்தியதாஸ் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். "பூச்ச வரும்," என்றார்.

"பூனையா? விளையாடுதியா? நாளைக்கு எனக்குப் பால்காய்ச்சுடே!"

அடுத்தது ஃபோம். சாலை பஜாரில் டப்பாவில் கிடைக்கிறது, பீய்ச்சி அடித்தால் நுரை பொங்கிக் கல்லாக இறுகிவிடும் என்று சத்தியதாஸ் ஓடிப்போய் வாங்கிவந்தார். "கொறச்சு அடிச்சாப் போதும் அண்ணாச்சி. பொறகு தன்னால வீங்கும்."

"கொறச்சா? கொஞ்சம் கலவை போட்டு எந்தச் செவருடே நின்னிருக்கு?" என்ற மேஸ்திரி, டப்பாவைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் அடித்தார்.

நுரை பொங்கியது. இடுக்கை அடைத்தது. வெளியே எட்டிப் பார்த்தது. ஆவுடைத்தாய் மறுபடி கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது அது ஜன்னல் விளிம்பில் இருந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"ஏங்க, அது இன்னும் வளருதே! கோலத்துக்கு வந்துருமோ?"

சாயந்திரத்துக்குள் ஒருவழியாக நின்றது. மேஸ்திரி அரிவாளால் சீவித் தள்ளினார். ஜன்னலை ஆட்டிப் பார்த்தார், மலை மாதிரி நின்றது. காற்று வரவில்லை. விளக்கு நேராக எரிந்தது. அப்பாடா என்று கொக்கியை எடுத்துத் திறக்கப் போனார். திறக்கவில்லை. நுரை கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவிலும் புகுந்து ஒட்டிக்கொண்டுவிட்டது.

"எதுக்குத் திறக்கணும்? கொசு வரும்," என்றார் மேஸ்திரி.

"இது பாக்க எப்படி இருக்கு! பத்து நாள் புண்ணு மாதிரி," என்றாள் ஆவுடைத்தாய்.

ஆகவே, படுக்கையறையில் இருந்த பீரோவை இழுத்துவந்து ஜன்னலை மறைத்து நிறுத்தினார்கள். ஹாலுக்கு இருந்தது அந்த ஒரே ஜன்னல்தான். ஹால் இருட்டாகிவிட்டது. பகலில் லைட்டைப் போட்டுக்கொண்டால் போகிறது.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு நிறைய ஆட்கள். பட்டுச்சட்டை போட்டு, சந்தனம் பூசி, மேஸ்திரி வாசலில் நின்றார். ஆட்டோவில் இருந்து பஞ்சாபகேசனும் அவர் மனைவி விஜயமும் இறங்கினார்கள்.

"வாங்க சார், வாங்கம்மா! நம்ம வீடு!" என்று மேஸ்திரி இரண்டு கையையும் கூப்பினார். எத்தனை வீட்டு வாசலில் ஒதுங்கி நின்று சாவி கொடுத்திருப்பார். இன்றைக்குத்தான் நடுவாசலில் நின்று வரவேற்கிறார். பெருமையில் நெஞ்சு இரண்டு இஞ்ச் விரிந்தது.

"பேஷா இருக்கு மேஸ்திரி," என்று பஞ்சாபகேசன் சுற்றும் முற்றும் பார்த்தார். தரையைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. "ஹால்ல ஜன்னல் வைக்கலையா?"

"அது… பீரோவுக்குப் பொறத்தால இருக்கு சார்."

"ஓஹோ," என்று அவர் விஜயத்தைப் பார்த்தார். விஜயம் பீரோவைப் பார்த்தாள்.

பால் காய்ச்சுவது அடுக்களையில்தான். ஆனால் சார் கண்ணெதிரே பொங்க வேண்டும் என்பது மேஸ்திரியின் ஆசை. ஹால் நடுவிலேயே மூன்று செங்கல் வைத்து, பானை ஏற்றச் சொன்னார். மழையில் நனைந்த தேங்காய்ச் சிரட்டையும் ஓலையும். தீ பிடித்ததோ இல்லையோ, புகை நன்றாகப் பிடித்தது.

முதலில் ஒருவர் இருமினார். பிறகு எல்லோரும் இருமினார்கள். வாசலில் செருப்பு விடுகிறவர்களும் உள்ளே வருகிறவர்களுமாக அடைத்துக்கொண்டு நின்றதில் புகை போக வழியில்லை.

"அந்த ஜன்னலைத் திறங்கோளேன் மேஸ்திரி!" என்றார் பஞ்சாபகேசன், கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"ஜன்னல்லாம் வேண்டாம் சார், விளக்கு அணைஞ்சுரும்."

"விளக்கே தெரியலையே!"

சத்தியதாஸ் பின்னாலிருந்து ஜாடை காட்டினார், தொடாதே என்று. ஆனால் ஆவுடைத்தாய் இருமலில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்த பிறகு மேஸ்திரிக்குப் பெயராவது மண்ணாவது! பீரோவை ஒரே தள்ளாகத் தள்ளினார். கொக்கியைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி, முப்பது வருஷம் செங்கல் சுமந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தார்.

வந்தது. கதவு மட்டும் இல்லை. சட்டம், கம்பி, நுரை எல்லாமாக, முழு ஜன்னலும் கையோடு வந்தது. சத்தியதாஸ் பாய்ந்து வந்து தாங்கியிராவிட்டால் மேஸ்திரியும் அதற்கடியில் போயிருப்பார்.

குபுகுபுவென்று காற்று உள்ளே வந்தது. அடுப்பு சட்டென்று பற்றிக்கொண்டது. பால் பொங்கிச் செங்கல்லில் வழிந்தது. பொங்கினால் குலவை இட வேண்டும் அல்லவா? என்ன நடந்தாலும் அது அது நடக்க வேண்டும். பெண்கள் குலவையிட்டார்கள். நடுவில் மேஸ்திரி ஜன்னலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கம்பி வழியாக எல்லோரையும் பார்த்தபடி நின்றார்.

புகை விலகியது. எல்லாமே தெரிந்தது.

"சார்," என்றார் மேஸ்திரி. கண்ணில் நீர் வந்துவிட்டது. புகை என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் புகை இல்லை. "முப்பது வருசத்துல என் கையில இப்படி ஆனதே இல்ல சார். எல்லா வீட்டுலயும் ஒரு விரல் விட்டுத்தான் வெப்பேன், மரம் ஊதி அடைச்சுரும். என் வீட்டுல மட்டும்தான் சார் இந்த மாதிரி…"

பஞ்சாபகேசன் நேராகப் படுக்கையறைக்குள் போனார். அங்கே யாரும் கைவைக்காத ஜன்னல் ஒன்று இருந்தது. அதன் ஓரத்தில், தேடாமல் தடவாமல், பழக்கப்பட்ட இடம்போல ஆள்காட்டி விரலை விட்டார். முழு விரலும் போயிற்று. அவர் முகம் மெதுவாக மலர்ந்தது. திரும்பி மனைவியைப் பார்த்தார்.

விஜயமும் வந்து தன் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு ஹாலில் எல்லோருக்கும் கேட்கும்படி, வாயெல்லாம் சிரிப்பாகச் சொன்னாள்:

"ஏன்னா, பதினஞ்சு வருஷமா ஜன்னலுக்கு ஜன்னல் பேப்பரை அடைச்சுண்டு, இந்த மனுஷன் நம்மளை ஏமாத்திட்டார்னு திட்டிண்டிருந்தோமே, பாவம், சொந்த ஆத்துக்கும் இதே விரலைத்தானே விட்டிருக்கார்! மாடியை இவருக்கே குடுத்துடுங்கோ."