ப்ரூயிட் வீட்டுப் பனிக்கால ஆயத்தம்

நிதானம், தொலைநோக்கு, பொறுப்புணர்ச்சி ஆகிய மூன்றும் ஒருங்கே குடிகொண்ட மனிதர் டென்னஸி மாநிலத்தில் ஒருவர் உண்டென்றால், அவர் கார்லண்ட் ப்ரூயிட்தான். காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடமாக 'அபாய மதிப்பீடு' செய்பவர். தம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் தேர்ந்தெடுக்க அவர் பதினோரு வாரம் எடுத்துக்கொண்டார். சில நாடுகளின் அரசியல் சட்டமே இதைவிடச் சீக்கிரம் தயாராகியிருக்கிறது.

தினமும் இரவுச் சாப்பாட்டின்போது ஆலோசனைக் கூட்டம். தலைவர் அவர், உறுப்பினர் மனைவி நோரீன். தீர்மானங்கள் யாவும் ஒருமனதாக நிறைவேறின. நோரீன் வாயில் சோளரொட்டி இருந்தது.

டயர்க்கடை ஹாலிஸ் கேட்டான்: "வருஷத்துல எத்தனை நாள் சார் பனியில ஓட்டுவீங்க?"

"ரெண்டு. போன வருஷம் ஒண்ணரை."

"அப்ப தனியா பனி டயர் வேண்டாம். இப்ப இருக்கிற கோடை டயர் குளிர்ல கல்லாயிடும், அதுவும் வேண்டாம். எல்லாப் பருவத்துக்குமான டயர்லயே வேகம் தாங்குற ரகம் இருக்கு. மாட்டிட்டு நிம்மதியா இருங்க."

"ஈரத்துல பிரேக் போட்டா எத்தனை அடியில நிக்கும்?"

"இதோட ஏழு தடவை கேட்டுட்டீங்க சார்."

டயர்கள் மாட்டப்பட்டன. ஜனவரியில் மூன்று அங்குலம் பனி விழுந்தது. ஊரே பயந்து வாங்கிக் குவித்ததில் கடைகளில் ரொட்டியும் பாலும் மாயமாயின; அலுவலகங்கள் கதவடைத்தன. ஆஸ்பத்திரி நர்ஸான நோரீனுக்கு மட்டும் விடுமுறை இல்லை.

"கார்லண்ட், உன் வண்டியில என்னைக் கொண்டுபோய் விடு."

அவர் திடுக்கிட்டார். "இன்னிக்கா? பனி உருகணும்னு ரோடு பூரா உப்பு கொட்டியிருக்கான். வண்டி துருப்பிடிச்சா என்னாகும்?"

"பனிக்குன்னுதானே டயர் வாங்கின?"

"பனியில ஓட்ட முடியும்னு வாங்கினேன். ஓட்டியே தீரணும்னு எங்க இருக்கு?"

நோரீன் தன் பழைய வேனை எடுத்துக்கொண்டு போனாள். இருபது நிமிடத்தில் அவளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மேட்டு இறக்கத்தில் வேன் ஒரு சுற்றுச் சுற்றி, சாக்கடைப் பள்ளத்தில் மூக்கைச் செருகி நின்றுவிட்டதாம்.

கார்லண்ட் உடனே புறப்பட்டார், கால்நடையாக. வழியில் இரண்டு முறை விழுந்தார். அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு எந்தப் புள்ளிவிவரமும் ஞாபகம் வரவில்லை.

நோரீன் பள்ளத்தின் ஓரத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு நின்றாள். போலீஸ்காரர் குனிந்து வேனின் சக்கரங்களைத் தடவிப் பார்த்தார்.

"நாலு டயரும் தேய்ஞ்சு மொட்டை. ரெண்டு வருஷமா யாரும் திரும்பிக்கூடப் பாக்கல போல."

கார்லண்ட் தொண்டையைச் செருமினார். "அது வந்து... ஆய்வுல இந்த வண்டி சேரல."

போலீஸ்காரர் படிவத்தைப் பிரித்தார். "விபத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு மேடம். பனின்னு போட்டுடவா?"

"பனி என்ன பண்ணுச்சு பாவம்?" என்றாள் நோரீன். "கார்லண்ட் ப்ரூயிட்னு போடுங்க."