காலுறைக் கோட்டை கட்டிய சிக்வால் காதை

வாழ்க சிக்வால்! ஆறு மீட்டர் பாய்மரப் படகின் தனிப்பெருங் கோமான், மும்மடிக் கம்பளிக் கவசத்தான், மூக்கு நுனி மட்டுமே சிவந்தான், முன்வைத்த சொல்லைப் பின்வையான் வாழ்க!

ஈஸ்டர் விடுமுறையின் முதல்நாள், கடற்கழிக் கரையில் புகைபோக்கி புகைய மரவீட்டில் வாழும் மைத்துனன் எய்ரிக்கின் முன்னே தோள்தட்டி அவன் உரைத்த வஞ்சினம் இது: "அஞ்சு நாளும் படகுலதான்! உன் வீட்டு அடுப்புப் பக்கம் என் கால் பட்டுச்சுன்னா, படகே உனக்குத்தான் மச்சான்!"

பெரிய வெள்ளி நண்பகலில், பனிமுடி மலைகள் இருபுறமும் வேடிக்கை பார்த்து நிற்க, வாடை என்னும் வன்பகை படகின் சிற்றறையின் காற்றுத்துளை இரண்டிலும் கதவிடுக்கு நான்கிலும் படைநுழைத்து வரக் கண்ட வீரன், காலில் கிடந்த இரண்டையும் சேர்த்து, மாமியார் பின்னித் தந்த கம்பளிக் காலுறைகள் பதினொன்றையும் (பன்னிரண்டாவது எங்கே என்பதை எவரும் அறியார்) துளைதோறும் திணித்து, ஈயும் புகாக் கோட்டை சமைத்து, மண்ணெண்ணெய் அடுப்பில் உருளைக்கிழங்குப் பானையை ஏற்றினான்.

"ஆவி போக ஒரு ஓட்டையாவது விடுப்பா," என்றாள் மனைவி குன்வோர். மாவீரர்கள் மனைவி சொல் கேட்பதில்லை. காவியங்கள் நீளமாக இருப்பது அதனால்தான்.

பானை கொதித்தது, கொதித்த பானையில் ஆவி எழுந்தது, எழுந்த ஆவி குளிர்ந்த கூரையை முட்டியது, முட்டியது முத்துமுத்தாய்த் திரண்டது, திரண்டது தலையில் விழுந்தது. அந்தோ! வெளியே முகிலற்ற வானம் நீலமாய் விரிந்திருக்க, உள்ளே கார்காலம் தொடங்கிற்று. மெத்தை நனைந்தது, போர்வை நனைந்தது, கவசத்தின் மும்மடியும் நனைந்தன. மூச்சுமுட்டி அடுப்புத்தீயும் வாடிற்று.

"கடல்ல மழையில்ல, மலையில மழையில்ல, நம்ம படுக்கையில மட்டும் கொட்டுது. பலே கேப்டன்!" என்று முழங்கிய குன்வோர் கதவைத் தள்ளித் திறக்க, வெளியே காத்திருந்த வாடை வெள்ளமெனப் புகுந்து, நனைந்த வீரனை நொடியில் வென்றது. காலுறைகளைப் பிழிந்தால் வாளி நிறையும்.

உலர்ந்த காலுறை ஒன்றுகூட இல்லாத உலகில் வஞ்சினம் எத்தனை நேரம் நிற்கும்? நீலம் பாரித்த வெறுங்காலோடு கரையேறி, பற்கள் பறைகொட்ட, எய்ரிக்கின் அடுப்பருகே நின்ற கோமான், கண்கள் கலங்கப் படகின் சாவியை இருகையாலும் ஏந்தி நீட்டினான். பாவம், அந்தப் படகின்மேல் அவனுக்கு உயிர்.

எய்ரிக் வேண்டாம் என்றுவிட்டான், குளிருமாம்.