காபித் தட்டின் முன் ஒரு சாஷ்டாங்கம்

பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் காபித் தட்டோடு வந்த கணத்தில், அவள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்த மாப்பிள்ளை நான். பக்தியால் அல்ல.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர் வேலை, அஸ்தினாபுரத்தில் வீடு. இரண்டு வருடமாக, மாதத்துக்கு நான்கைந்து முறை எனக்குத் தரை சாயும், சுவர் நகரும். தலை வலிக்காது. அதனாலோ என்னவோ எந்த மருத்துவருக்கும் பிடிபடவில்லை. ஒருவர் காதைக் கழுவினார். ஒருவர் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர், "கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றார். (அம்மா அவரை மட்டும் நம்பினாள்.) நான் மதில்களைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்த தெருக்காரர்கள், அப்படி நடப்பதற்குத் தங்களுக்குத் தெரிந்த ஒரே காரணத்தை முடிவு செய்துகொண்டார்கள். விசாரிக்க வந்த இரண்டு வரன்கள் அப்படியே திரும்பிப் போயின.

சேலையூர் வரன் மூன்றாவது. அம்மா இரண்டு கட்டளைகள் இட்டாள். தலைசுற்றலைப் பற்றி மூச்சு விடக் கூடாது. காலையில் எதுவும் சாப்பிடக் கூடாது.

"அங்க சொஜ்ஜி பஜ்ஜி வைப்பாங்க. தட்டுல மிச்சம் வெச்சா பொண்ணப் பிடிக்கலன்னு நெனச்சுக்குவாங்கடா."

இரவு வேலை முடிந்து, இரண்டு மணி நேரத் தூக்கம், வெறும் வயிறு. சேலையூரில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா சார், காலைலயே போட்டுகினு வந்துட்டியா?" என்றார் ஆட்டோக்காரர்.

அம்மா முறைத்தாள். என்னையல்ல, கம்பத்தை.

கூடத்தில் ட்யூப் லைட் துடித்துக்கொண்டிருந்தது. தரையில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள். பெண்ணின் பெயர் வசந்தி, பள்ளியில் அறிவியல் டீச்சர். அவள் வந்ததும் மரியாதைக்காக எழுந்து நின்றேன். கட்டங்கள் இடப்பக்கமாக ஓடத் தொடங்கின. அடுத்து எனக்குத் தெரிந்தது, அவள் கொலுசு என் நெற்றிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"பொண்ணுதான் நமஸ்காரம் பண்ணணும். மாப்ள முந்திக்கிட்டார்" என்றார் அவள் மாமா. "சம்மதம்னு எடுத்துக்கலாமா?"

அவள் அப்பா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து என் வாயருகே மூக்கைக் கொண்டுவந்தார். வாசனை எதுவும் கிடைக்காதது அவரைக் குழப்பியது. "தம்பி, குடிப்பீங்களா?"

அம்மா என்னையே பார்த்தாள். சொன்னால் நோயாளி, சொல்லாவிட்டால் குடிகாரன். குடிகாரனுக்காவது, கல்யாணம் ஆனால் திருந்திவிடுவான் என்று ஒரு சலுகை உண்டு. தரையில் கிடந்தபடியே (எழுந்தால் மறுபடி விழுவேன்) உண்மையைச் சொன்னேன்.

"இல்ல சார். தலை சுத்தும். ரெண்டு வருஷமா. ஏன்னு யாருக்கும் தெரியல."

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டாள். கிளம்பத் தயார்.

வசந்தி தட்டை வைத்துவிட்டு, ட்யூப் லைட்டை அணைத்தாள். பிறகு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"எந்தப் பக்கம் சுத்துது?"

"இடது."

"காலைல சாப்டீங்களா?"

"இல்ல."

"தூங்கினீங்களா?"

"நைட் ஷிஃப்ட்."

"இதெல்லாம் எங்கயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?"

யார், எங்கே, எப்போது என்று ஊர்ச் செய்தியையெல்லாம் கேட்டுத் திருத்துகிறவன் நான். என்னைப் பற்றி ஒரு வரி குறித்து வைத்ததில்லை.

அன்றே ஒரு நோட்டு வாங்கினேன். மூன்று மாதக் குறிப்புகளைப் படித்த நரம்பியல் மருத்துவர் ஒருவர், ஒற்றைத் தலைவலியில் இது ஒரு வகை, வலியே இல்லாமல் தலைசுற்றலாகவும் வரும் என்றார். முழுக்கப் போகாது, ஆனால் அடக்கி வைக்கலாம். இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் உறுதியான செய்தி அது. மாத்திரை, நேரத்துக்குச் சாப்பாடு, பகல் ஷிஃப்ட். மாதத்துக்கு ஐந்து என்பது மெல்ல ஒன்றானது. சில மாதங்களில் பக்கம் காலியாகவே கிடந்தது. காலிப் பக்கத்தை அவ்வளவு ஆவலோடு எந்த உதவி ஆசிரியரும் படித்திருக்க மாட்டார்.

அந்த நோட்டைப் பார்க்க வேண்டும் என்று வசந்தி சொல்லியனுப்பினாள். நோட்டு சேலையூருக்குப் போனது. பின்னாலேயே நானும் போனேன்.

இப்போதும் எப்போதாவது வரும். போன வாரம் சமையலறை வாசலில் சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்தேன்.

"அம்மா, அப்பா மறுபடியும் சம்மதம் சொல்றார்" என்றாள் மகள்.

வசந்தி பதினோராவது நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். "எந்தப் பக்கம்?"