ராணி இருக்கும் தீவு

பூதத்தை வெட்ட யாரும் தயாராக இல்லை.

"பாலத்தைக் காவல் காக்குற பூதம். கண்ணெல்லாம் சிவப்பு. உங்களைப் பார்த்து உறுமுது. என்ன பண்ணப்போறீங்க?" என்று கேட்டு, டிரைவிங் மாஸ்டர் தம்மால் முடிந்த அளவுக்கு உறுமியும் காட்டினார்.

சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று வீரர்கள். ஏழு வயது மகள், ஐந்து வயது மகன், எதிர்வீட்டுச் சிறுமி. எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவதால் அவளுக்கு அந்தக் கட்டடம் முழுக்க 'வக்கீலம்மா' என்றுதான் பெயர்.

"அது சாப்டுச்சா?" என்றான் மகன்.

"எது?"

"பூதம்."

"பூதம் சாப்பிட்டா என்ன, சாப்பிடாட்டா என்னடா? வாளை எடு!"

"அதுக்குக் கால்ல அடிபட்டிருக்குப்பா. அதான் உறுமுது. நான் பிளாஸ்திரி போட்டுவிடறேன்" என்றாள் மகள்.

பகடை உருண்டது. பதினாறு. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டது. பூதமும் ஒட்டிக்கொண்டது.

விளையாட்டு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்களாக நுழைந்து, அடுத்து என்ன செய்வோம் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள பகடை தீர்மானிக்கும். "சின்னக் குழந்தைங்ககூட விளையாடலாம் சார்" என்று சொல்லித்தான் கடைக்காரப் பெண் பெட்டியை அவர் தலையில் கட்டினாள்.

மாஸ்டர் அதை வாங்கியது விளையாடுவதற்காக இல்லை. அவர் மனைவி வெளியூர் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தாள். குழந்தைகள் அப்போது அத்தை வீட்டில் இருந்தார்கள். செய்தி அந்த வீட்டுக்குப் போனில்தான் போனது. அவர்களைத் திரும்ப அழைத்து வந்த அன்று, அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே, "அம்மாவுக்கு இன்னும் வைத்தியம் நடக்குது, வந்துடுவாங்க" என்று சொல்லிவிட்டார். அதன்பின் அந்தப் பொய்யை நிறுத்தத் தெரியவில்லை. மகளுக்குத் தலை வாரும்போது சொன்னார். மகனுக்கு ஷூ மாட்டும்போது சொன்னார். இருவரும் தலையாட்டினார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட தேவலை என்று இருந்தது அவருக்கு.

"முழுப் பூசணிக்காயை எத்தனை நாள்டா சோத்துல மறைப்பே?" என்று அக்கா போனில் திட்டினாள். "நேரா சொல்ல வாய் வரலேன்னா கதையா சொல்லித் தொலை."

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. வீரர்கள் பூதத்தை வென்று அரண்மனைக்குப் போவார்கள். அங்கே ராணி இறந்துவிட்டிருப்பாள். ராஜா அழுவார், வீரர்கள் ஆறுதல் சொல்வார்கள். உடனே பெட்டியை மூடிவிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம். கற்றுக்கொள்பவர் காரை எப்படி ஓட்டினாலும் தம் காலடியில் தனியாக ஒரு பிரேக் வைத்துக்கொண்டு பழகிய மனிதர். இந்த விளையாட்டில் அப்படி ஒன்று கிடையாது என்பதைத்தான் அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், "அப்பா, விளையாடலாமா?" என்று பிள்ளைகள் இருவரும் வந்து நிற்பார்கள். அம்மா இல்லாத வீட்டில் இதாவது அவர்களுக்குப் பிடித்திருக்கிறதே என்று அவருக்கும் ஒரு ஆறுதல். ஆனால் ராணியைச் சாகடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

பூதத்தோடு அரண்மனை வந்து சேர்ந்தார்கள். மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். "அரண்மனையில ராணி... ராணி இல்ல."

"எங்க போனாங்க?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். மகனின் முகத்தைப் பார்த்தார். "ரொம்ப தூரம். ஏழு கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு."

"பூதம் நீந்தும்" என்றான் மகன்.

"நீந்தாது."

"நீந்தாதுன்னு நீங்க சொல்லக்கூடாது அங்கிள்" என்றாள் வக்கீலம்மா. "டைஸ்தான் சொல்லணும். நீங்க சொன்ன ரூல்தான்."

பகடை பதினெட்டு காட்டியது. ஏழு கடலும் மூச்சு விடுவதற்குள் முடிந்துபோயின.

"தீவுல ராணி தூங்கிட்டிருக்காங்க" என்றார் மாஸ்டர். வியர்த்துவிட்டது. "ரொம்ப ஆழ்ந்த தூக்கம். எழுப்ப முடியாத தூக்கம்."

மகள் மேஜையில் கோடு இழுத்துக்கொண்டே கேட்டாள். "இது ராஜாவுக்குத் தெரியுமா?"

"ராஜாவை விடும்மா. நீங்க இப்ப..."

"பாவம்ப்பா ராஜா. அவருக்கு யார் போய்ச் சொல்றது?"

"நான் எழுப்பறேன்!" என்று மகன் நாற்காலி மேல் ஏறி நின்றான்.

"இருபது விழுந்தாத்தான் எழுந்திருப்பாங்க" என்றார் மாஸ்டர். இருபதில் ஒன்றுதானே, எங்கே விழப்போகிறது என்ற நம்பிக்கை.

பகடை மேஜையை விட்டு இறங்கி, ஷூ ஸ்டாண்டுக்கு அடியில் போய் நின்றது. மூன்று வீரர்களும் குப்புறப் படுத்துப் பார்த்தார்கள்.

"இருபது" என்றாள் வக்கீலம்மா.

யாரும் கைதட்டவில்லை. மகள் எழுந்து வந்து அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ராணி எழுந்துட்டாங்களா? என்ன சொன்னாங்க?" என்றான் மகன்.

கதை சொல்பவர்தான் ராணிக்கும் குரல் கொடுக்க வேண்டும். மாஸ்டர் யோசிக்காமல் வாயைத் திறந்தார். "எல்லாரும் சாப்டாச்சா? கதவைப் பூட்டினீங்களா?" என்று மனைவி கேட்பது போலவே, அவள் இழுக்கும் இழுப்போடு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். அவள் போன நாளிலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் பிள்ளைகள் முன்னால் கொட்டிவிடும் போலிருந்தது. தாங்க முடியவில்லை.

"ராணி திரும்பப் படுத்துட்டா ராஜா அழுவாரா அப்பா?" என்று மகள் மெதுவாகக் கேட்டாள்.

இதுதான் சொல்வதற்கான நேரம். அது அவருக்கும் தெரிந்தது. ஆனால் வழக்கமான கால் வழக்கமான இடத்தைத்தான் மிதித்தது.

"படுக்க மாட்டாங்கம்மா! ராணி வந்துடுவாங்க. அம்மாவும் அடுத்த வாரம் வந்துடுவாங்க. டாக்டரே சொல்லிட்டார்."

மகன் விசும்ப ஆரம்பித்தான். மகள் சட்டென்று அவன் வாயைப் பொத்தி, "அழாதடா, அப்பா பார்க்கிறார்" என்றாள். அவளுக்கும் உதடு துடித்தது.

வக்கீலம்மா பகடையை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அங்கிள், ஆன்ட்டி செத்துப்போயிட்டாங்க. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இவங்க வாராவாரம் உங்களை விளையாடக் கூப்பிடறாங்க."