வால் சுருண்ட மூன்று வாத்துகள்

செம்பாக்கம்,
வியாழக்கிழமை

அன்புள்ள மச்சான் ஏசுபாதத்துக்கு,

அத்தான் சத்தியநாதன் எழுதுவது. கர்த்தருடைய தயவால் நானும் உன் அக்கா ஞானம்மாளும் சௌக்கியம். மேடவாக்கம் ஃப்ளாட்டில் நீயும் ஜீவிதாவும் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்காமல் சௌக்கியமாக இருக்க ஜெபிக்கிறோம். போனில் பேசாமல் கடிதம் எழுதுகிறாரே என்று பயப்படாதே. போனில் சொன்னால் நீ சிரிப்பது கேட்கும். அதைத் தாங்குகிற நிலையில் நான் இல்லை.

ஃப்ளாட்டுக்குப் போகும்போது நீ என்னிடம் விட்டுப்போன ஆறு வாத்துகளைப் பற்றித்தான் விஷயம். "மூணு ஆண், மூணு பொட்டை. உங்களுக்கு நான் என்னத்தச் சொல்றது அத்தான், நீங்க சயின்ஸ் வாத்தியார்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினாய். எது எது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷம் உயிரியல் நடத்தினவன் அதைக் கேட்கலாமா? உண்மையில் நான் படித்தது தாவரவியல். விலங்கியல் பாகத்தை நோட்ஸ் பார்த்தே ஒப்பேற்றினேன், இதை உன் அக்காவிடம்கூடச் சொன்னதில்லை. ஆகவே நானே யோசித்தேன். மூன்று வாத்துகள் தெருவே அதிரக் கத்தின. நம் வீட்டில் கத்துகிறவன் நான் என்பதால் அவை ஆண் என்று முடிவு செய்தேன். மற்ற மூன்றும் அடங்கின குரலில் கரகரத்தன, வாலில் ஓர் இறகு அழகாகச் சுருண்டிருந்தது. அலங்காரம் பெண்களுக்குத்தானே என்று அவற்றைப் பெண்ணாக்கிவிட்டேன்.

பிறகு தீவனம் வாங்க குப்புராஜ் கடைக்குப் போனேன். அவன் என் பழைய மாணவன். "சார், எல்லாத்துக்கும் ஒரே வளர்தீவனம் போடுங்க. கிளிஞ்சல் தூளத் தனியா ஒரு சட்டில வச்சுடுங்க. முட்ட போடறது அதுவே போய்த் துன்னுக்கும்" என்றான். முட்டையிடுகிறவற்றுக்கென்று விற்கிற முட்டைத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து அதிகம், ஆண் வாத்து அதை நாள்கணக்கில் தின்றால் கிட்னிக்கு ஆகாது என்பது அவன் கவலை. நான் கேட்டேனா? கடையில் நாலு பேர் நிற்க, கால்சியம் பற்றிக் கால் மணி நேரம் வகுப்பெடுத்துவிட்டு, பெண்களுக்கு முட்டைத் தீவனம், ஆண்களுக்குச் சாதாத் தீவனம் என்று இரண்டு மூட்டை சொல்லிவிட்டு வந்தேன். அவனே வீட்டில் கொண்டுவந்து இறக்கினான். தினமும் காலையில் கொல்லையில் ஒரு பழைய கதவுப் பலகையைக் குறுக்கே நிறுத்தி, "ஜென்ட்ஸ் இந்தப் பக்கம், லேடீஸ் அந்தப் பக்கம்" என்று பிரம்போடு நின்றேன்.

மூன்றாம் மாதம் எல்லாம் தோல்முட்டையாக வர ஆரம்பித்தது. ஓடே இல்லை, கையில் எடுத்தால் வழிகிறது. விடிவதற்குள் அடைப்பில் இட்டுவிடுவதால் எது இட்டது என்று நான் பார்த்ததில்லை. ஒரு முட்டையைக் கிண்ணத்தில் ஏந்திக்கொண்டு கடைக்குப் போய், தீவனத்தில் கலப்படம் என்று எல்லோர் முன்னும் குப்புராஜைச் சத்தம் போட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "பாக்கறேன் சார்" என்றான், அவ்வளவுதான். அதோடு விட்டேனா, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவிலும் படத்தோடு போட்டேன். சாரே சொல்லிவிட்டார் என்று பாதிப் பேர் அவன் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள்.

போன திங்கட்கிழமை ஒரு சுருண்ட வால் தீனி எடுக்காமல் சுணங்கி உட்கார்ந்துவிட்டது. கால்நடை டாக்டர் மிருதுளாவிடம் தூக்கிக்கொண்டு போனேன். சின்னப் பெண். "இந்த லேடிக்கு என்னம்மா?" என்று கேட்டேன். "சார், இது ஆண்" என்றாள். வாத்தில் உரக்கக் கத்துவது பெண்ணாம், வால் இறகு சுருண்டிருந்தால் ஆணாம். அப்படியென்றால் முட்டையே இடாதவனுக்கு மூன்று மாதமாகச் சுண்ணாம்பு போட்டிருக்கிறேன், இடுகிறவளைக் காயப்போட்டிருக்கிறேன். நல்லவேளை, தீவனத்தை மாற்றினால் தேறிவிடும் என்றாள். குப்புராஜ் சொன்னதையே, கிளிஞ்சல் சட்டி உட்பட, சீட்டில் எழுதிக்கொடுத்தாள். உன் அக்கா அதைப் படித்துவிட்டு நேரே கொல்லைக்குப் போய் அந்தக் கதவுப் பலகையை எடுத்துவிட்டாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. கடைப் பக்கம் போகாமல் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போகிறேன். நேற்று தூரத்திலிருந்து பார்த்தேன், அவன் கடையில் தனியாக உட்கார்ந்திருந்தான். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நீ வந்து, எனக்காக அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடு. தீவனத்தில் குற்றமில்லை என்று பொதுவாகச் சொன்னால் போதும், ஆண் பெண் விஷயம் வெளியே வரவேண்டாம். படித்ததும் கடிதத்தைக் கிழித்துவிடு.

கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து, லிஃப்ட் நடுவில் நிற்காமல் அருளட்டும்.

உன் அத்தான்,
சத்தியநாதன்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது குப்புராஜே வந்து நின்றான். வாத்துக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுக் கிளிஞ்சல் தூள் கொண்டுவந்திருக்கிறான். நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "தெரியும் சார். மூட்ட எறக்க வந்த அன்னிக்கே பாத்தேன், மாத்தி நிக்க வச்சிகினு இருந்தீங்க" என்றான். ஏன்டா சொல்லவில்லை என்றேன். "உங்க பேப்பர்ல நான் பதினோரு மார்க்கு சார். உங்களுக்குப் போய் நான் இன்னா சொல்றது" என்றான். அவன் எதிரிலேயே குழுவில் ஆண் பெண் உட்பட முழுக் கதையையும் எழுதினேன். "வேணாம் சார், உங்க பேரு கெட்டுடும்" என்று கையைப் பிடித்தான். அனுப்பிவிட்டேன். நீ வரவேண்டாம், கடிதத்தைக் கிழிக்கவும் வேண்டாம். அந்தப் பேப்பரில் அவன் சரியாக எழுதியதைத்தான் நான் அடித்துவிட்டேனோ என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.